கரிமருந்து ரிவால்வர் நகல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஹாயோவில் இருக்கிறேன். என் இரும்பு அலமாரியில் இரண்டு பழைய மாதிரி ரிவால்வர்கள் இருக்கின்றன. ஒன்று கோல்ட் 1851 நேவி, இன்னொன்று ரெமிங்டன் 1858. இரண்டும் இத்தாலியில் செய்த நகல்கள். வீட்டுக்கு வருகிற நண்பர்கள் முதலில் கொஞ்சம் மிரளுவார்கள், பிறகு வரிசையாகக் கேள்வி கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

நகல் என்றால் பொம்மைதானே?

இல்லை. அந்த வார்த்தைதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. நகல் எடுக்கப்பட்டது வடிவமைப்புதான், சுடும் வேலை நிஜமானது. எஃகுக் குழல், குண்டு அறைகளோடு சுழலும் எஃகு சிலிண்டர், உள்ளே கரிமருந்து (புகை கக்கும் பழைய காலத்து வெடிமருந்து), ஈயக்குண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) குதிரைப்படையினர் இடுப்பில் தொங்கியது எதுவோ அதுவேதான் இது, கொஞ்சம் நல்ல எஃகில். சுவரில் மாட்டுவதற்கென்று துத்தநாகக் கலவையில் வார்த்து விற்கும் சுடாத அலங்காரப் பொருள்களும் சந்தையில் உண்டு. அவை வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். வீட்டில் ஆறு வயதுப் பையன்.

இன்றைய ரிவால்வருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதற்குத் தோட்டா கிடையாது. அந்த ஒரு விஷயம் புரிந்தால் மீதி எல்லாம் தானாக விளங்கிவிடும்.

இன்றைய தோட்டாவில் குண்டு, மருந்து, தீப்பொறி தரும் பகுதி மூன்றும் ஒரே பித்தளைக் குப்பிக்குள் இருக்கின்றன. கரிமருந்து ரிவால்வரில் மூன்றும் தனித்தனி. சிலிண்டரின் ஒவ்வொரு அறைக்கும் முன்பக்கம் வழியாக மருந்தை அளந்து போட வேண்டும். அதன்மேல் ஈயக்குண்டை வைத்து, குழலுக்குக் கீழே மடங்கியிருக்கும் நெம்புகோலை இழுத்துக் கெட்டிக்க வேண்டும். திருவிழாவில் வேட்டுக் குழாயில் மருந்து கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அறையின் பின்பக்கம் மூடியிருக்கும். அங்கே ஊசித்துளை உள்ள ஒரு சின்ன முளை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், அதற்கு நிப்பிள் என்று பெயர். அதன்மேல் ஒரு செம்புக் குல்லாயைப் பொருத்த வேண்டும். அதுதான் கேப். தீபாவளிக்குச் சுடும் பொட்டு கேப்பின் பெரியண்ணன். அடித்தால் தீப்பொறி, பொறி துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும்.

அடித்தால் பற்றும் ரசாயனத்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். காப்புரிமை பெற்றது 1807இல். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் பறவை சுடப் போனால் பளிச்சென்ற வெளிச்சத்தைப் பார்த்தே பறவை பறந்துவிடுகிறது என்பதுதான் அவருடைய தொல்லை.

ஒரு சொல் குறிப்பு. கேப்பை அடிக்கும் பாகத்தை நம் பழைய அகராதிகள் குதிரை என்கின்றன. ஆங்கிலேயருக்கு அது சேவலாகத் தெரிந்திருக்கிறது. இங்கேயும் குதிரை என்றே எழுதுகிறேன். விரலால் இழுப்பது விசை.

சாமுவேல் கோல்ட்தான் இதைக் கண்டுபிடித்தாரா?

சுழலும் துப்பாக்கி அவருக்கு முன்பும் இருந்தது. குதிரையைப் பின்னுக்கு இழுத்தால் சிலிண்டர் தானாகத் திரும்பி, அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டை உருப்படியாகச் செய்து காட்டியவர் கோல்ட். அமெரிக்கக் காப்புரிமை 1836. நியூ ஜெர்சியின் பேட்டர்சன் ஊரில் தொழிற்சாலை போட்டார், 1842இல் இழுத்து மூடினார்.

அவரைக் காப்பாற்றியது மெக்சிகப் போர். டெக்சஸ் ரேஞ்சர் என்ற எல்லைக் காவல் படையில் இருந்த சாமுவேல் வாக்கர், பேட்டர்சன் ரிவால்வரைப் பயன்படுத்திப் பார்த்தவர். இன்னும் பெரிதாக, ஆறு குண்டு போடும்படி வேண்டும் என்று கேட்டார். கோல்ட்டிடம் அப்போது தொழிற்சாலையே இல்லை. எலை விட்னி ஜூனியரின் ஆலையில் செய்து கொடுத்தார். 1847இல் வந்த அந்த வாக்கர் ரிவால்வரின் எடை 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஒரு அறைக்கு 60 கிரெய்ன், அதாவது சுமார் 4 கிராம் மருந்து. ஏறத்தாழ 1,100 மட்டுமே செய்யப்பட்டன. அன்றைய இரும்பு இவ்வளவு மருந்தைத் தாங்கவில்லை, சிலிண்டர்கள் வெடித்தன. சுட்ட அதிர்ச்சியில் கெட்டிக்கும் நெம்புகோல் கீழே விழுந்து சிலிண்டரை மறித்தது. அடுத்த ஆண்டே அறையின் நீளத்தைக் குறைத்து டிராகூன் என்ற மாதிரியைக் கொண்டுவந்தார்கள். வாக்கர் நகலை இன்று வாங்குபவர்களும் நெம்புகோல் விழாமலிருக்கத் தோல் வாரால் கட்டிக்கொள்வதுண்டு. 170 வருஷமாகத் தீராத வியாதி.

பிறகு வந்த இரண்டுதான் இன்று நகல்களில் அதிகம் விற்பவை: 1851 நேவி (.36), 1860 ஆர்மி (.44). இந்த எண்கள் குழலின் விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் பெயர்கள். நேவி என்றதும் கடற்படைக்குச் செய்தது என்று நினைக்க வேண்டாம். சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி செதுக்கப்பட்டிருக்கும். டெக்சஸ் கடற்படை மெக்சிகக் கப்பல்களோடு 1843 மே 16 அன்று மோதிய கம்பீச்சே சண்டை அது. பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. லண்டனிலும் கோல்ட் 1853 முதல் 1856 வரை ஆலை நடத்தினார். 1857 கிளர்ச்சியின்போது இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலரிடம் இந்த நேவியும், அதன் ஆங்கிலப் போட்டியாளரான ஆடம்ஸும் இருந்தன.

1857லேயே தோட்டா ரிவால்வர் வந்துவிட்டதாமே? பிறகு ஏன் இந்த அவஸ்தை?

நல்ல கேள்வி. விடை ஆயுதக் கிடங்கில் இல்லை, காப்புரிமை அலுவலகத்தில் இருக்கிறது.

சிலிண்டர் அறையை முன்னிருந்து பின்வரை முழுத் துளையாகப் போட்டால்தான் தோட்டாவைப் பின்னாலிருந்து செருக முடியும். அந்தத் துளைக்கு 1855இல் ரோலின் வைட் என்பவர் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அவரிடம் உரிமம் பெற்று 1857இல் சின்னஞ்சிறு தோட்டா ரிவால்வர் ஒன்றைச் சந்தைக்கு விட்டார்கள். ஒரு துப்பாக்கிக்கு 25 சென்ட் வைட்டுக்கு. அதற்குக் கைமாறாக, காப்புரிமையை மீறுபவர்கள்மீது வழக்குப் போடுகிற செலவு வைட்டின் தலையில். வந்த பணமெல்லாம் வக்கீலுக்கே போனது. 1869இல் காப்புரிமை முடிந்தது. நீட்டித்துத் தரச் சொல்லி காங்கிரஸில் மசோதா வரை கொண்டுபோனார், குடியரசுத் தலைவர் கிராண்ட் 1870 ஜனவரியில் அதைத் தன் தடையதிகாரத்தால் நிறுத்திவிட்டார்.

ஆக, ஒரு துளைக்குப் பட்டா போட்டு வைத்திருந்ததால், உள்நாட்டுப் போர் முழுக்க அமெரிக்காவில் செய்த பெரிய ரிவால்வர்கள் பெரும்பாலும் மருந்து கெட்டிக்கும் ரகமாகவே இருந்தன. கோல்ட்டின் புகழ்பெற்ற தோட்டா ரிவால்வர் 1873இல்தான் வந்தது.

கோல்ட் வாங்கலாமா, ரெமிங்டன் வாங்கலாமா?

இதற்கு மட்டும் என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது.

கோல்ட்டின் மேற்பக்கம் திறந்தவெளி. சிலிண்டருக்கு மேலே எதுவும் இல்லை. பிரேமிலிருந்து, அதாவது துப்பாக்கியின் உடற்சட்டத்திலிருந்து, ஒரு தடித்த அச்சு முன்னால் நீளும், அதில் சிலிண்டர் சுழலும், அச்சின் முனையில் குழல் வந்து உட்காரும். குழலையும் அச்சையும் குறுக்கே செருகிய ஓர் ஆப்பு பிடித்துக்கொள்ளும். மாட்டு வண்டியில் சக்கரம் கழலாமல் கடையாணி நிற்பதுபோல. ஆப்பைத் தட்டி எடுத்தால் துப்பாக்கி மூன்று துண்டு. அழகான யோசனை. ஆனால் முழு பலமும் அந்த ஆப்பிலும் அச்சிலும் நிற்கிறது. அச்சின் முனை குழலில் உள்ள குழியின் அடிவரை போய் முட்ட வேண்டும். சில நகல்களில் அச்சு கொஞ்சம் குட்டையாக இருக்கும். அப்போது ஆப்பை எவ்வளவு ஆழமாக அடிக்கிறோமோ அதற்கேற்பக் குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். ஆழமாக அடித்தால் சிலிண்டர் சுற்றவே சுற்றாது. புதிதாக வாங்கியவர்கள் துப்பாக்கி கெட்டுவிட்டது என்று பதறுவது பாதி சமயம் இதனால்தான்.

ரெமிங்டனில் சிலிண்டருக்கு மேலே ஒரு பட்டை ஓடுகிறது. பிரேம் முழுச் சதுரமாக, பெட்டிபோல இறுகி நிற்கும். குழல் அதில் திருகப்பட்டிருக்கும். பார்வைக்குறி அந்தப் பட்டையிலேயே வெட்டிய பள்ளம், ஆகவே ஆடாது. கோல்ட்டில் பின் பார்வைக்குறி குதிரையின் தலையில் ஒரு சின்ன வெட்டு. குதிரையை இழுத்தால்தான் குறியே தெரியும். சிலிண்டரை மட்டும் கழற்றுவதும் ரெமிங்டனில் எளிது. நெம்புகோலைத் தாழ்த்தி, சிலிண்டருக்கு அச்சாக நிற்கும் ஊசியை முன்னால் இழுத்தால் சிலிண்டர் கையில் வந்து விழும்.

அப்படியானால் ரெமிங்டன்தானே மேல்? காகிதத்தில் அப்படித்தான். சுட்டுப் பாருங்கள். கரிமருந்தின் கரி கொஞ்ச நேரத்தில் எல்லா இடத்திலும் படியும். ரெமிங்டனின் அச்சு ஒல்லி, கரி ஏறினால் சீக்கிரம் இறுகும். கோல்ட்டின் தடித்த அச்சில் மசகு தங்குவதற்குப் பள்ளங்கள் வெட்டியிருக்கிறார்கள், அது நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். மாறாக, வெடித்த கேப் துணுக்கு குதிரைக்குள் விழுந்து சிக்குவது கோல்ட்டில் அதிகம். பிடி கையில் உட்காரும் சுகத்தில் 1851 நேவிக்கு ஈடில்லை என்பது என் கட்சி. ரெமிங்டனில் என் நடுவிரல் முட்டி விசைக் காப்பில் இடித்துக்கொண்டே இருக்கும். முதல் துப்பாக்கி, நன்றாகச் சுட வேண்டும் என்றால் ரெமிங்டன். காதல் வந்துவிட்டதென்றால் கோல்ட், வேறு வழியில்லை.

இன்னொரு விஷயம்: ரெமிங்டன் 1858 என்ற பெயரே தப்பு. குழலில் பொறித்திருக்கும் 1858 செப்டம்பர் 14 என்பது காப்புரிமைத் தேதி. இன்று நகலெடுக்கப்படும் மாதிரி 1863வாக்கில் வந்தது. தேதியைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள், பெயர் நின்றுவிட்டது.

நகல்களை யார் செய்கிறார்கள்?

பெரும்பாலும் வட இத்தாலியின் பிரேஷா மாவட்டம். அங்கே கார்டோனே வால் டிராம்ப்யா என்ற பள்ளத்தாக்கு ஊருக்குத் துப்பாக்கிதான் குலத்தொழில். வெனிஸ் படைக்கலச் சாலைக்கு 185 குழல்கள் கொடுத்ததற்கு பெரெட்டா குடும்பத்தின் பெயரில் 1526இல் எழுதிய கணக்கு இன்றும் இருக்கிறது.

1950களின் கடைசியில், உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய நேரம். போர்க்காட்சிகளை நடித்துக்காட்ட அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள். அசல் கோல்ட்டுகள் சேகரிப்பாளர் கையில், விலை உச்சத்தில். நேவி ஆர்ம்ஸ் நிறுவனத்தின் வால் ஃபோர்ஜெட் இத்தாலிக்குப் போய் 1851 நேவியை நகலெடுக்க ஆள் பிடித்தார். அந்த வேலையில் இறங்கிய ஆல்டோ உபெர்த்தி 1959இல் கார்டோனேயில் பட்டறை தொடங்கினார். உபெர்த்தி நிறுவனம் 2000இல் பெரெட்டா குழுமத்துக்குப் போனது. குஸ்ஸாகோவில் உள்ள பியெத்தா மற்றொரு பெரிய பெயர். வேடிக்கை என்னவென்றால், கோல்ட் நிறுவனமே 1971இல் தன் பழைய மாதிரிகளை மறுபடி விற்றபோது உபெர்த்தி செய்த பாகங்களைத்தான் வாங்கிப் பூட்டியது. அசல் நகலிடம் கடன் வாங்கிய கதை.

1851 நேவி, .44, பித்தளை பிரேம் என்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

நான் முதலில் வாங்கியது அதுதான். பளபளப்பில் மயங்கினேன்.

முதலில் வரலாறு. கோல்ட் செய்த 1851 நேவி எல்லாமே .36. அந்தக் காலத்தில் .44 நேவி கிடையாது, அது நம் காலச் சந்தைக்குப் பிறந்த பிள்ளை. பித்தளை பிரேமும் கோல்ட் செய்த நேவியில் இல்லை. அது உள்நாட்டுப் போரில் பிரிந்து நின்ற தென் மாநிலக் கூட்டமைப்பின் வறுமையால் வந்தது. இரும்பு தட்டுப்பாடு, பித்தளை கிடைத்தது, ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட்வில்லில் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் ஆலை அதில் பிரேம் வார்த்து ஏறத்தாழ 3,700 ரிவால்வர்கள் செய்தது, அவையும் .36தான். 1864 நவம்பரில் வடக்குப் படை அந்த ஆலையை எரித்துவிட்டது. பித்தளை பிரேம் ரெமிங்டன் என்று ஒன்றைப் பார்த்தால் அது முழுக்கற்பனை.

அடுத்தது பலம். பித்தளை எஃகைவிட மென்மையானது. .44 குண்டுக்கு மருந்தைத் தாராளமாகப் போட்டால் ஒவ்வொரு சுடலிலும் சிலிண்டர் பின்னால் மோதி, அதன் பின்பக்கப் பற்களின் தடத்தைப் பித்தளையில் வட்டமாகப் பதித்துவிடும். அச்சும் பிரேமில் தளரும். என்னுடையது இரண்டு கோடைக்காலம் தாங்கியது. மருந்தைக் குறைவாகப் போட்டுச் சுட்டிருந்தால் இன்னும் பல வருஷம் வந்திருக்கும், தப்பு என்னுடையதுதான். இப்போது காகிதம் பறக்காமல் மேசையில் கிடக்கிறது, நிப்பிள்களைக் கழற்றி வைத்துவிட்டேன்.

எஃகு பிரேம் வாங்குங்கள். விலை வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல.

.44 என்று எழுதியிருக்கிறது, குண்டு மட்டும் .454 ஏன்?

பழைய பெயர் வேறு, அளவு வேறு. .36க்கு .375 அங்குலக் குண்டு, .44க்கு .451 அல்லது .454. அறையைவிடக் குண்டு ஒரு மயிரிழை பெரிதாகத்தான் இருக்க வேண்டும். கெட்டிக்கும்போது அறையின் விளிம்பு குண்டைச் சுற்றி மெல்லிய ஈய வளையத்தைச் சீவித் தள்ளும். அந்த வளையம் முழுசாக வந்தால் அறை நன்றாக அடைபட்டது என்று பொருள். இதனால்தான் கலப்பில்லாத மென்மையான ஈயம் தேவை. கார் சக்கரத்தில் ஒட்டும் எடைக்கட்டியை உருக்கிக் குண்டு வார்த்து, நெம்புகோலை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு.

சாதாரணத் துப்பாக்கி மருந்து போடலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தின் அழுத்தம் பல மடங்கு. சிறிதளவு போட்டாலும் சிலிண்டர் கிழிந்து கையும் கண்ணும் போகும். கரிமருந்து, அல்லது அதற்கு மாற்றாகவே விற்கப்படும் பைரோடெக்ஸ் போன்றவை மட்டும். எவ்வளவு என்பதைத் துப்பாக்கியோடு வரும் கையேடு சொல்லும். மாற்று மருந்துகளைக் கன அளவில் அளக்க வேண்டும், தராசில் அல்ல. அடர்த்தி வேறு என்பதால் எடை ஏமாற்றும்.

ஒரு அறை சுட்டால் மற்ற அறைகளும் சேர்ந்து வெடிக்குமா?

வெடித்திருக்கின்றன. சங்கிலி வெடி என்போம். குழலுக்கு நேராக இல்லாத அறை வெடித்தால் அந்தக் குண்டு எங்கே போகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். எந்த வழியாகத் தீ தாவுகிறது என்பதில் சுடுபவர்களிடையே முடியாத சண்டை. ஒரு கட்சி முன்பக்கம் குண்டைச் சுற்றிய இடைவெளி என்கிறது, இன்னொன்று தளர்ந்த கேப் வழியாகப் பின்பக்கம் என்கிறது. இரண்டையும் அடைத்துவிட்டால் சண்டை யாருக்கு வேண்டும்? பொருத்தமான குண்டு, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே மசகு தோய்த்த கம்பளிச் சில்லு அல்லது குண்டின்மேல் கொழுப்பு, நிப்பிளைக் கவ்விப் பிடிக்கும் சரியான அளவு கேப் (பெரும்பாலும் 10 அல்லது 11ஆம் எண்). இரண்டாவது கையை எப்போதும் சிலிண்டருக்குப் பின்னால் வையுங்கள். நீண்ட துப்பாக்கியைப் பிடிப்பதுபோல முன்னால் நீட்ட வேண்டாம்.

ஆறு அறையிலும் போடலாமா?

சுடுகளத்தில் நின்ற இடத்திலேயே சுடுவதானால் போடலாம். இடுப்பில் வைத்து நடப்பதானால் ஐந்து போட்டு, காலி அறைமேல் குதிரையை இறக்கி வைப்பதே வழக்கம். ரெமிங்டனில் அறைகளுக்கு நடுவே குதிரை உட்காரப் பள்ளம் இருக்கிறது, கோல்ட்டில் சின்ன முளைகள் இருக்கின்றன. முளைகள் தேயும்.

கீழே குறிவைத்தால்தான் நடுவில் படுகிறது. என் துப்பாக்கி கோணலா?

கோணல் இல்லை. கோல்ட் வகைகள் 25 மீட்டரில் ஒரு சாண் மேலே சுடுவது சாதாரணம். பார்வைக்குறிகள் தூர இலக்குக்காக அமைந்தவை. அமெரிக்க மேற்கின் பேர்போன துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக் 1865 ஜூலை 21 அன்று மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் டேவிஸ் டட் என்பவரைச் சுட்டது சுமார் 75 கஜத்திலிருந்து. அவர் விரும்பி வைத்திருந்தது 1851 நேவி. நீங்கள் 25 மீட்டரில் அட்டையைச் சுடுகிறீர்கள். முன் குறியை உயரமானதாக மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

துல்லியம் குறைந்த ஆயுதம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். இப்படி முன்பக்கம் வழியாகக் கெட்டிக்கும் முன்வாய்த் துப்பாக்கிகளுக்கென்றே உலகப் போட்டி நடக்கிறது. 30 நிமிடத்தில் 13 முறை சுடலாம், சிறந்த 10 கணக்கில் வரும். அங்கே பலர் கையில் ராஜர்ஸ் அண்ட் ஸ்பென்சர் நகல் இருக்கும். அந்த அசலின் விதி பரிதாபமானது. 1865இல் 5,000 செய்து முடித்தபோது போரும் முடிந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்காமல் கிடங்கில் கிடந்து, 1901இல் பழைய ராணுவச் சாமான் வியாபாரி பேனர்மனுக்கு விலைபோனது.

சுத்தம் செய்வது பெரிய வேலையாமே?

ஆமாம். சுட்ட அன்றே செய்ய வேண்டும். கரிமருந்தின் எச்சம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நாளைக்கு என்று விட்டால் துரு. பழைய வழிதான் சிறந்த வழி: மரப்பிடியைக் கழற்றிவிட்டு, வெந்நீர், கொஞ்சம் பாத்திரம் விளக்கும் திரவம், பிரஷ். நன்றாக உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். வீடு முழுக்க அழுகிய முட்டை நாற்றம் வரும், கந்தகம். என் மனைவி இதற்கென்று பழைய பக்கெட் ஒன்றைக் கராஜுக்குத் தள்ளிவிட்டாள். சமையலறைத் தொட்டியில் கழுவிய நாள் ஒன்று இருந்தது, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

உரிமம் வேண்டுமா?

நாட்டுக்கு நாடு வேறு. நான் வக்கீல் இல்லை, வாங்குமுன் உள்ளூர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898 வரை செய்த துப்பாக்கிகளைப் பழம்பொருள் என்கிறது, தோட்டா போட முடியாத அவற்றின் நகல்களையும் அதே பெட்டியில் போடுகிறது. ஆகவே பல மாநிலங்களில் தபாலில் வீட்டுக்கே வரும். கரிமருந்தும் இத்தகைய துப்பாக்கிக்காக 50 பவுண்டு வரை கூட்டாட்சி உரிமம் இல்லாமல் வாங்கலாம். ஆனால் மாநிலச் சட்டம் தனி. நியூ ஜெர்சி இதைச் சாதாரணக் கைத்துப்பாக்கியாகவே நடத்துகிறது. பக்கத்து மாநில நண்பர் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது.

பிரிட்டனில் 1996 டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பின் 1997இல் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டபோது, முன்வாய் வழியாகக் கெட்டிப்பவை தடையிலிருந்து விலக்குப் பெற்றன. அதனால் அங்கே கைத்துப்பாக்கி சுட ஆசைப்படுபவர்கள் பலர் இந்தப் பக்கம் வந்தார்கள். ஆனால் துப்பாக்கிச் சான்றிதழ் வேண்டும், கரிமருந்துக்குத் தனிச் சான்றிதழும் வேண்டும். 1860இல் செய்த அசல் கோல்ட்டை அலங்காரமாக அலமாரியில் வைத்தால் சான்றிதழ் தேவையில்லை, போன மாதம் செய்த நகலுக்குத் தேவை! கனடாவிலும் இதே வினோதம்: 1898க்கு முந்திய அசலுக்கு விலக்கு, நகல் கட்டுப்படுத்தப்பட்ட கைத்துப்பாக்கி. 2022 அக்டோபரிலிருந்து அங்கே கைத்துப்பாக்கிகளின் விற்பனையே உறைந்துவிட்டது. டொராண்டோ உறவினர்களிடம் இதை நான் பலமுறை சொல்லியாயிற்று.

பிரான்ஸில் 18 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமல் வாங்கலாம். ஜெர்மனியில் ஒற்றைச் சுடல் நகலுக்கு உரிமம் வேண்டாம், ஆறு சுடும் ரிவால்வருக்கு வேண்டும். இவற்றைச் செய்து உலகுக்கு அனுப்பும் இத்தாலியிலும் அதே கதை. ஒற்றைச் சுடல் நகல்களுக்கு மட்டுமே தளர்வு. கார்டோனேக்காரர் தன் கையால் செய்த ரிவால்வரை வீட்டுக்குக் கொண்டுபோக உரிமம் காட்ட வேண்டும்.

இந்தியாவில்?

1959 ஆயுதச் சட்டத்துக்கு இது துப்பாக்கிதான். நகல் என்பதற்காக விலக்கு இல்லை. பழம்பொருள் மதிப்புள்ள, இனிச் சுடவே முடியாத ஆயுதங்களுக்குத்தான் சட்டம் தளர்வு தருகிறது, சுடும் நகல் அதில் அடங்காது. 1980களிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதியும் அடைபட்டிருக்கிறது, பெயர்பெற்ற விளையாட்டு வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் வழி. நரிக்குறவர் கையிலும் பயிர்க்காவலுக்கும் நாம் பார்த்த நாட்டுத் துப்பாக்கி இதே கெட்டிக்கும் ரகம்தான், அதற்கும் உரிமம் உண்டு.

தோட்டா போடும் சிலிண்டர் தனியாக விற்கிறார்களே, மாற்றலாமா?

பொருந்தும். பொருத்திய நிமிடமே இது தோட்டா துப்பாக்கி, பழம்பொருள் என்ற சலுகை போய்விடலாம். அமெரிக்காவிலேயே மாநிலத்தைப் பொறுத்துச் சிக்கல் வரும், பிற நாடுகள் பலவற்றில் சிறைக்குப் போகும் குற்றம். பித்தளை பிரேமில் யோசிக்கவே வேண்டாம்.

பழையது ஒன்று கைக்கு வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், கெட்டித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். கேப் இல்லையென்றால் காலி என்று அர்த்தமல்ல. மருந்து பல பத்தாண்டுகள் கழித்தும் பற்றும். சிலிண்டரைக் கழற்றி ஒவ்வொரு அறையையும் முன்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அடித்தளம் தெரிய வேண்டும். ஈயம் தெரிந்தால் தொடாமல் துப்பாக்கி சரிசெய்பவரிடம் கொடுங்கள்.

பிறகு குதிரையை மெதுவாக இழுத்து, சிலிண்டர் ஒவ்வொரு அறையிலும் பூட்டுகிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். ஆப்பு வளைந்திருக்கிறதா, நிப்பிள் துளைகள் விரிந்திருக்கின்றனவா, பித்தளை என்றால் பின்பக்கம் வட்டத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இத்தாலிய நகல் என்றால் கார்டோனே சோதனைச் சாலையின் முத்திரை இருக்கும். கரிமருந்துக்குச் சோதித்தது என்று காட்ட பி.என். (PN) என்ற எழுத்துகள், சின்னப் பெட்டிக்குள் ஆண்டுக்குறி. அசல் கோல்ட் என்று விலை சொல்லுகிறவரிடம் நெம்புகோலை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதன் அடியிலும் முத்திரை குத்துவதுண்டு, தேய்த்து மறைப்பவர்கள் அதை மறந்துவிடுவார்கள்.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

அமெரிக்க உள்நாட்டு விமானத்தில், காலித் துப்பாக்கியைப் பூட்டிய கடினப் பெட்டியில் வைத்து, விமான நிறுவனத்திடம் அறிவித்து, சரக்குப் பையில் அனுப்பலாம். கரிமருந்தும் கேப்பும் கைப்பையிலும் கூடாது, சரக்குப் பையிலும் கூடாது. போன இடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கழுவாத துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தால் வெடிமருந்துச் சோதனைக் கருவி கத்தும், இன்னொரு முறை வெந்நீர் வையுங்கள்.